காகத்துக்குப் போட்ட தோசை

ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிய வருடத்து என் நாட்குறிப்பில், ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் பக்கத்தில் சிவப்பு மையில் இப்படி இருக்கிறது: "காலை ஏழரைக்கு வேலியில் காகம் கரைந்தது. பதினொரு மணிக்கு அண்ணையின் கடிதம்."

அண்ணைக்கு கோலாலம்பூரில் ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலை. அவருடைய மனைவி, என் மச்சாள், எங்கள் ஊரான கொக்குவிலில் எங்களோடு இருந்தார். காகம் கரைந்தால் சேதி வரும் என்பது எங்களூர் நம்பிக்கை. கடிதம் வந்த மகிழ்ச்சியில் மச்சாள் அந்தக் காகத்துக்கு ஒரு முழுத் தோசையைப் பிய்த்துப் போட்டார். மறுநாளும் அது வந்து கரைந்தது. மறுபடியும் தோசை. நான் தபாற்கந்தோருக்கு ஓடினேன், வெறுங்கையோடு திரும்பினேன். புரட்டாதியில் இன்னும் இரண்டு கடிதங்கள். இரண்டு நாளும் காகம் கரைந்திருந்தது.

மார்கழியில் போர் மலாயாவுக்கு வந்தது. கடிதங்கள் நின்றன. என் கால்கள் நிற்கவில்லை. காகம் வாயைத் திறந்தால் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். தபாற்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை விரிப்பார்.

"கடுதாசி வந்தா நான் கொண்டுவந்து தாறன்தானே ஐயா? ஏன் உந்த வெய்யிலுக்கை?"

மாசியில் இரவலாக ஓர் ஆங்கில உளவியல் நூல் கிடைத்தது. பலன் கிடைத்த செயலைப் பிராணி திரும்பத் திரும்பச் செய்யும்; பலன் எப்போதாவது கிடைத்தால் அந்தப் பழக்கம் விடவே விடாது. நூலை மூடிவிட்டுப் போன வருடத்து நாட்குறிப்பைப் புரட்டினேன். கடிதம் வந்த மூன்று நாட்கள் மட்டுமே இருந்தன. வராத நாட்களை நான் எழுதவேயில்லை.

மறுநாள் காலை அடுக்களைக்குப் போனேன். அரிசித் தட்டுப்பாட்டில் எங்கள் தோசை சிறுத்திருந்தது. காகத்தின் பங்கு சிறுக்கவில்லை.

"மச்சாள், உது சேதி சொல்லேல்லை. தோசை கேக்குது. நீங்கள்தான் பழக்கினது. இனிப் போடாதேங்கோ."

"ஓம் தம்பி, தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ போடுறியள்?"

"நான் போடாட்டி அது கத்தாது. அது கத்தாட்டி நீர் போகமாட்டீர்." அவர் என்னைப் பார்க்காமல் தோசையைத் திருப்பினார். "நாள்தோறும் நான் போய்க் கந்தோர் வாசலிலை நிக்கேலுமே? அவர் உயிரோடை இருக்கிறாரோ எண்டு வேறை ஆரிட்டைக் கேக்கிறது?"

வேலியில் காகம் கரைந்தது. மச்சாள் தோசையைப் பிய்க்கத் தொடங்கினார். என் கை அதற்குள் குடையை எடுத்துவிட்டிருந்தது.

புது வருட நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில், முதன்முறையாக, கறுப்பு மையில் எழுதினேன்: "காகம் கரைந்தது. கடிதம் இல்லை."