மிதவைக்கு மேல் சிரித்த முகம்

அந்தக் கண்மாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. வாடிப்பட்டிப் பக்கம், கண்மாயின் ஓரத்தில் பாலத்துக்குத் தூண் இறக்கும் வேலை. நான் சைட் இன்ஜினியர். துளை போடும் மெஷின் கிளறிய சேறு தண்ணீரில் பரவிக்கொண்டே இருந்தது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் கெண்டைக்குஞ்சு விட்டிருந்தார். மீன் பிடிக்கிற பருவம் நெருங்கியிருந்தது. சேறு அந்தப் பக்கம் போகாமல் மிதவைத் தடுப்பு கட்டுவது எங்கள் பொறுப்பு.

அதைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மதுரை சிம்மக்கல்லில் ஒரு தார்ப்பாய்க் கடையில் சொல்லி மாதிரிகள் வரவழைத்தேன். மேலே மிதக்கும் உருளை, அதிலிருந்து தொங்கும் துணி, துணி மேலே வந்துவிடாமல் அடியில் சங்கிலி. சேற்றைத் தடுப்பது துணிதான்; மிதவை அதைத் தூக்கிப் பிடிக்க மட்டும். கண்மாயில் கழுத்தளவு தண்ணீர். அந்த அளவுக்குத் துணி கேட்டேன்.

மேலாளர் மிதவையை மட்டும் வாங்கினார். ஆரஞ்சு நிறம், போட்டோவில் எடுப்பாக இருக்குமாம்.

"துணிக்கு என்ன மாப்ள, ஊரு பூரா பிளெக்ஸ் கெடக்கு. அதத் தச்சுக் கட்டுவோம்" என்றார்.

மதுரையில் காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை பிளெக்ஸ்தான். விசேஷம் முடிந்தால் அதுவே மாட்டுக்கொட்டகைக் கூரை. ஆழம் சரியாக இருந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டேன். வந்து இறங்கியவை உள்ளூர்ப் பெரும்புள்ளி ஒருவரின் பிறந்தநாள் பிளெக்ஸ்கள். எல்லாவற்றிலும் அவர் கும்பிட்டபடி சிரித்தார்.

தண்ணீரில் இறக்கும்போது மேலாளர் பதறி ஓடிவந்தார். "ஏய், அண்ணன் மூஞ்சிய சேத்துல முக்குறீக? நாளைக்கு நாம சைட்டுல நிக்க முடியுமா? மேல தூக்கிக் கட்டுங்கப்பா."

மிதவையைப் பிடித்துக்கட்ட நட்டிருந்த சவுக்குக் கம்புகளில் முகத்தை ஏற்றிக் கட்டினார்கள். தண்ணீருக்குள் வாழ்த்து வாசகம் மட்டும் முழங்கால் அளவுக்குத் தொங்கியது.

"அண்ணே, அடியில பூரா தொறந்து கெடக்கு. சேறு போயிரும்" என்றேன்.

"போனாப் போகுது. மேல தெரியிறதத்தான பாப்பாக."

அது உண்மைதான். பார்க்க வந்த அதிகாரிகள் மிதவையைப் பார்த்துத் தலையாட்டினார்கள், இளநீர் குடித்தார்கள், போனார்கள். குனிந்து பார்க்க ஒருவருக்கும் இடுப்பு வளையவில்லை. என்ன ஜென்மங்களோ.

ஒரு காலையில் குத்தகைக்காரர் வந்தார். "மீனு மேல வந்து வாயத் தெறக்குது சார். மெஷினக் கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார். நிறுத்தச் சொன்னேன். மேலாளர் மறுபடி ஓட்டச் சொன்னார்.

மறுநாள் கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. குத்தகைக்காரர் ஒன்றை எடுத்துச் செவுளைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பசைபோல எங்கள் சேறு. காற்று மற்ற மீன்களையெல்லாம் ஒதுக்கி, கும்பிட்ட கைகளுக்குக் கீழே குவித்திருந்தது. அந்த நாற்றம் வில்லாபுரத்தில் என் வீட்டுக்குள் நுழைந்த பிறகும் சட்டையை விட்டுப் போகவில்லை.

மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றார். மீனை அள்ளச் சொல்வார் என்று நினைத்தேன்.

"மொதல்ல பிளெக்ஸ அவுங்கப்பா" என்றார். "அண்ணன் மூஞ்சிக்கு நேரா செத்த மீனு கெடக்கு. யாராச்சும் போட்டோ எடுத்துட்டா?"

ஆட்கள் பிளெக்ஸ்களை அவிழ்த்து, ஈரம் போகத் துடைத்து, பக்குவமாகச் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். குத்தகைக்காரர் வலையை எடுத்துக்கொண்டு தன் மீன்களை அள்ளத் தனியாக இறங்கினார். தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்தது.