பூரணம் மிஸ்ஸியின் லேண்ட்ரோவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, ஒரு மார்ச் மாத வெயிலில், பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டுக்குள் ஒரு லோரி வந்து நின்றது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய பழைய லேண்ட்ரோவர். முன்கண்ணாடி இல்லை, இருக்கைகளில் பஞ்சு இல்லை, பின்பக்கமெல்லாம் கோழி எச்சம் வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது. ரவாங்கில் சிறு தோட்டம் வைத்திருந்த ஒருவர் வீட்டுக்குப் பின்னால் எட்டு வருடம் கோழிக்கூண்டாக இருந்த வண்டி அது.

சத்தம் கேட்டு வீரசிங்கம் வெளியே வந்தார். ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு அவரும், கல்யாணமே செய்துகொள்ளாத தங்கை பூரணமும் மட்டும்தான் அந்த வீட்டில்.

"ஆரின்ர வண்டி இது?"

"என்ர வண்டி, அண்ணை."

"உனக்கு ஓட்டத் தெரியுமே?"

"பழகுவன்."

"ஐம்பத்தெட்டு வயசிலயோ? உனக்கென்ன விசரே?"

பூரணம் லோரிக்காரர்களுக்கு வண்டியை இறக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அன்று மாலையே வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு கழுவ ஆரம்பித்தாள்.

முப்பத்தொரு வருடம் சுகாதாரத் தாதியாக இருந்தவள் அவள். எஸ்டேட்டுகளிலும் கம்பங்கள் என்ற மலாய்க் கிராமங்களிலும் எல்லோருக்கும் அவள் 'மிஸ்ஸி'. வாரத்தில் மூன்று நாள் அரசாங்க லேண்ட்ரோவரில் ஏறி, செமினி, உலு லங்காட் பக்கத்து மண்பாதைகளில் போவாள். பிள்ளைகளை நிறுப்பது, பால்மாவு கொடுப்பது, ஊசி போடுவது, சில நாட்களில் பிரசவம் பார்ப்பது. அறுபத்தொன்றிலிருந்து எழுபதுவரை அந்த வண்டியை ஓட்டியவர் கன்னையா.

கன்னையா எட்டு வயதில் தகப்பனோடு புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். உயரமானவர் இல்லை. அதிகம் பேசமாட்டார், பேசினால் பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான் பேசுவார். அந்த வண்டியின் டேஷ்போர்டில் வேக மீட்டரும் பெட்ரோல் மீட்டரும் பேட்டரி மீட்டரும்தான் இருந்தன.

"சூடு எவ்வளவுன்னு தெரியாது, எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தில ஓடுதுன்னு தெரியாது. மூக்கையும் காதையும் வச்சே ஓட்டிக்கிட்டிருக்கேன் மிஸ்ஸி" என்பார்.

அறுபத்தைந்தில் ஒருநாள் செமினிக்கு அப்பால் ஓர் ஆற்றுத்துறையில் மழைத்தண்ணீர் ஏறிவிட்டது. வடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நான்கு மணிநேரம். அப்போதுதான் கன்னையா பால்மாவுக் கணக்கெழுதும் படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் டேஷ்போர்டு ஒன்றை வரைந்தார். எண்ணெய் மீட்டர் இங்கே, சூட்டு மீட்டர் அதற்குப் பக்கத்தில், வண்டி எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் மீட்டர் நடுவில். வெளியே ஒரு தேடுவிளக்கு, கூரையில் தண்ணீர்ப் பீப்பாய் வைக்க ரேக், முன்னால் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச். ஒவ்வொன்றையும் அவளுக்கு விளக்கிச் சொன்னார்.

"என் பக்கம் ஒண்ணும் இல்லையா?" என்று சிரித்தாள் பூரணம்.

"உங்களுக்கு ஒரு கைப்பிடி. பள்ளத்தில விழுறப்போ பிடிச்சுக்க. அப்புறம் ஒரு கடிகாரம் வைக்கலாம், எப்ப வீட்டுக்குப் போய்ச் சேருவோம்னு கேக்கிறதுக்கு."

"நான் எப்பக் கேட்டேன்?"

கன்னையா பென்சிலை நிறுத்தினார். "நீங்க கேட்டதில்லதான், மிஸ்ஸி" என்றார்.

ஆறு வடிந்தது, அக்கரைக்குப் போனார்கள். அந்தத் தாளை அவள் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருடத்தில் அவர்களுக்குள் நடந்தது இவ்வளவுதான். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அண்ணன் அரசாங்க உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கும் சங்கத்துக்கும் போய்வருகிற வீடு. அவர் ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரரின் மகன். எது நடக்காது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. மூன்று நாள் வண்டியில், மற்ற நாள் இல்லை என்பதே அவர்களுக்குப் பழகிப்போயிற்று. வண்டி புறப்படும் செவ்வாய்க்கிழமை காலைகளில் பூரணம் சீக்கிரம் எழுந்துகொள்வாள்.

பிறகு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். கன்னையாவிடம் இருந்தது அப்படிப்பட்டவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டு. பிறந்த பத்திரம் இல்லை, வந்த கப்பலின் சீட்டு இல்லை. அலைந்து பார்த்தார், பெர்மிட் கிடைக்கவில்லை. எழுபதாம் ஆண்டில் அவரைப்போல எத்தனையோ பேர் கப்பலேறிய மாதங்களில் அவரும் புறப்பட்டார். கிளினிக்கில் சாவியைக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"போயிட்டு வரேன், மிஸ்ஸி."

"உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள் பூரணம். சுற்றிலும் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பிள்ளையைத் தராசில் வைத்தாள். கப்பல் போன நாளன்று அவள் புதிய டிரைவரோடு ஓர் எஸ்டேட்டில் இருந்தாள்.

அடுத்த வருடம் ஒரு கடிதம் வந்தது. 'இங்கே எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. ஓர் அரிசி மில்லில் ஜீப் ஓட்டுகிறேன். மழை இல்லை. நீங்கள் சுகம்தானே?' கீழே மில்லின் விலாசம். பதில் எழுத உட்கார்ந்தாள். 'அன்புள்ள' என்று ஆரம்பிப்பதா, வேண்டாமா என்பதிலேயே அந்தக் கடிதம் நின்றுபோயிற்று. நாளைக்கு எழுதலாம் என்று பதினேழு வருடம் போனது.

ரவாங்கிலிருந்து வந்த வண்டி கன்னையா ஓட்டிய வண்டி இல்லை. அது பூரணத்துக்கு நன்றாகத் தெரியும். அது எங்கே போயிற்றோ. ஆனால் அதே அச்சு, அதே சாம்பல் நிறம். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கழுவி முடித்த பிறகு வண்டியைக் கிள்ளானுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மேரு ரோட்டில் அய்யாவு என்பவரின் பட்டறை. லோரி எஞ்சின்களில் கைதேர்ந்தவர். வண்டியைச் சுற்றி வந்தார், அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து தலையை ஆட்டினார். "மேல்தகடு அலுமினியம், அதுக்கு ஒண்ணும் ஆகல. அடிச்சட்டம் அரிச்சுப் போச்சு ஆன்டி. இதை வச்சு என்னா செய்யப் போறீங்க? புரோட்டோன் சாகா காரு ஒண்ணு வாங்குங்க லா, ஏர்கோன் போட்டு ஜாலியாப் போகலாம்."

பூரணம் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டிருந்தது. அய்யாவு அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"யார் வரைஞ்சது?"

"எங்க டிரைவர்."

"விஷயம் தெரிஞ்ச ஆளு" என்றார் அய்யாவு. "இந்த மனுசன் எங்க இருக்காரு இப்ப?"

"இந்தியாவில."

அய்யாவு தாளைக் கவனமாக மடித்தார். "டைம் எடுக்கும் ஆன்டி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருடம் எடுத்தது. அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டினார்கள். எஞ்சினைப் பிரித்துப் போட்டார்கள். மீட்டர்களுக்குத்தான் அதிகம் அலைய வேண்டியிருந்தது. பூரணமே பஸ் ஏறிப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனாள். எண்ணெய் மீட்டர் அம்பாங்கில் ஓர் ஈயச்சுரங்கத்துப் பம்பிலிருந்து கிடைத்தது. சூட்டு மீட்டர் ஒரு பழைய பஸ்ஸினுடையது. சாய்வு மீட்டர் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில், வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் சிறு இரும்புக் குண்டு உருளும்படி அய்யாவு தானே ஒன்றைச் செய்துவிட்டார். செம்புக் குழாயை எஞ்சினிலிருந்து மீட்டருக்கு வளைத்துக் கொண்டுவருவதை அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எந்த மீட்டர் எந்த இடம் என்பதில் அரை அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"கடிகாரம் வேணுமா ஆன்டி? படத்தில போட்டிருக்கு."

"வேணாம்" என்றாள்.

இதற்கிடையே ஓட்டப் பழகினாள். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கினாள். எண்பத்தெட்டில் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வீரசிங்கம் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

புதிய டேஷ்போர்டைப் படம் பிடித்து, அந்தப் பழைய மில் விலாசத்துக்கு அனுப்பினாள். கடிதம் வைக்கவில்லை. படத்தின் பின்பக்கம், 'நீங்கள் வரைந்தபடியே செய்தாயிற்று. பூரணம்' என்று எழுதினாள். அவர் இருக்கிறாரோ இல்லையோ. மில்லே இருக்கிறதோ இல்லையோ.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மில் மூடிப் பல வருடமாகிவிட்டதாம். தபால்காரர் விசாரித்துத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாராம். கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. 'படம் கிடைத்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் படம் எடுத்திருக்கிறீர்கள். எண்ணெய் மீட்டர் முள் பூஜ்யத்தில் இருக்கிறது. ஓடும்போது எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆசை.'

பூரணம் அந்த வரியைப் படித்துவிட்டு அடுக்களையில் போய் நின்றுகொண்டாள்.

அதன்பின் ஆறு வருடம் அப்படித்தான் போயிற்று. மாதம் ஒருமுறை வண்டியை எடுத்துக்கொண்டு செமினிப் பக்கம் போவாள். ஏற்றத்தில் எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்தத் திருப்பத்தில் குண்டு எவ்வளவு உருண்டது என்று ஒரு நோட்டில் குறித்து அவருக்கு எழுதுவாள். பழைய பாதைகளில் பாதிக்குத் தார் போட்டுவிட்டார்கள், எஸ்டேட்டுகளை அழித்து வீடு கட்டுகிறார்கள் என்பதையும் எழுதினாள். ஆற்றுத்துறையில் பாலம் வந்துவிட்டதை மட்டும் எழுதவில்லை. அவர் யோசனை சொல்லிப் பதில் போடுவார். 'இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கை நம்பாதீர்கள்.' கல்யாணம் செய்துகொண்டாரா என்று அவர் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒருமுறை இந்தியா போய்வரலாம் என்று பாஸ்போர்ட்கூட எடுத்தாள். 'வரட்டுமா' என்று எழுதியதற்கு, 'நான் இருக்கும் இருப்பில் நீங்கள் என்னைப் பார்க்க வேண்டாம், மிஸ்ஸி. வண்டியைப் பற்றி எழுதுங்கள்' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவள் மறுபடி பிரிக்கவேயில்லை.

தொண்ணூற்றிரண்டில் கடிதம் வேறு கையெழுத்தில் வந்தது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கிறார். படம் அனுப்பிப் பயனில்லை. பூரணம் ஒரு கேசட் ரெக்கார்டரை இருக்கையில் வைத்துக்கொண்டு, உலு லங்காட் மேட்டில் ஏறி இறங்கும் சத்தம் முழுவதையும் பிடித்து அனுப்பினாள். நடுநடுவே அவள் குரலும் இருந்தது. "இப்போ ஏத்தம்... இப்போ மூணாவது கியர்... ஒரு லோரிக்கு வழி விடுறேன்."

அவரிடமிருந்தும் ஒரு கேசட் வந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"எஞ்சினில டாப்பெட் ஒண்ணு தட்டுது மிஸ்ஸி. அய்யாவுகிட்டச் சொல்லிச் சரிபண்ணச் சொல்லுங்க. அவசரமில்ல." பிறகு வெகுநேரம் வெறும் இரைச்சல். தூரத்தில் ஒரு மாடு கத்தியது. "நல்லா ஓட்டுறீங்க. நான் பக்கத்தில உக்காந்து வந்த மாதிரி இருந்துச்சு."

தொண்ணூற்று நான்கில், பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கடிதத்தில், கன்னையா காய்ச்சலில் கிடந்து இறந்துவிட்ட செய்தி வந்தது. எழுதியவர் பெயர் நாகையா என்றிருந்தது. காரியமெல்லாம் குறையில்லாமல் நடந்தது, கவலைப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

கடிதம் வந்த அன்று காலை பத்து மணிக்கு வீரசிங்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளியே எஞ்சின் ஓடும் சத்தம். கால்மணி நேரமாகியும் வண்டி நகரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார். தங்கை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்கள் மீட்டர்களில் இருந்தன. மடியில் நீலத் தபாலுறை.

வீரசிங்கம் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து, சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி வீட்டுக்கு வந்த எட்டு வருடத்தில் முதல்முறை.

"எங்கையாவது போவம்" என்றார்.

காஜாங் தாண்டும்வரை அவள் ரோட்டையே பார்த்து ஓட்டினாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆற்றில் தண்ணீர் ஏறியதை, சிவப்புக் கார்டை, எழுதாத கடிதத்தை, எழுதிய கடிதங்களை. அழாமல்தான் சொன்னாள். வீரசிங்கம் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பிள்ளை அப்பவே எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் சம்மதிச்சிருப்பீங்களோ, அண்ணை?"

வீரசிங்கம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். எழுபத்துமூன்று வயதில் அவருக்கு அது தோன்றவில்லை.

"மாட்டன்" என்றார்.

"ஓம். தெரியும்" என்றாள் பூரணம். அதில் கோபம் இருக்கவில்லை.

கொஞ்சதூரம் போனபிறகு வீரசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்பிடி இருப்பார், அந்த மனுசன்?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஓட்டிக்கொண்டே சொல்லக்கூடியதாக அது இல்லை. பூரணம் கியரைக் குறைத்து, வண்டியைப் பாதையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டு, சொல்ல ஆரம்பித்தாள்.