மாலையை மறுத்த துணைவேந்தர்

போன மாதம் எங்கள் மகளிர் கல்லூரிக்குத் துணைவேந்தர் வந்தார். கெமிஸ்ட்ரி பட்ட வகுப்பு தொடங்க அனுமதி கேட்டிருந்தோம். இதற்கெல்லாம் வழக்கமாகக் கமிட்டிதான் வரும். இவர் எதற்கு நேரில் வருகிறார்? அங்கேயே எனக்கு உறுத்தியது.

வரவேற்புரை என் தலையில் விழுந்தது. தமிழ் வாத்தியார் வேறு எதற்கு இருக்கிறார்? துணைவேந்தர் ஏறி வந்த படிகளை விசாரித்தேன். சின்ன ஊர்க் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர், பிறகு பேராசிரியர், வெளிநாடு, டைரக்டர், இப்போது துணைவேந்தர்... யார் சிபாரிசும் இல்லாமலா? நம்பச் சொல்கிறார்கள்.

எனக்கும் இதில் சுயநலம் உண்டு. மகள் தேன்மொழி ப்ளஸ் டூ முடித்துவிட்டு, கெமிஸ்ட்ரிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். என் மனைவியோ, "உள்ளூர்ல வந்தா படிக்கட்டும். வேலூர் ஹாஸ்டலுக்கெல்லாம் அனுப்பமாட்டேன். மாப்பிள்ளை பாத்துடலாம்" என்று முடித்துவிட்டாள்.

சிக்கல் லேப்தான். அலமாரிகள் இருந்தன, உள்ளே வைக்கத்தான் ஒன்றுமில்லை. அதனால் என்ன? இரவல் இருக்கிறதே. பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து கெமிக்கல் பாலன்ஸ்கள் — கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அந்த நுண் தராசுகள் — வைக்கோல் சுற்றி வேனில் வந்து இறங்கின. ஆய்வு முடிந்ததும் திரும்பிவிடும்.

துணைவேந்தர் தனியாக வந்தார். மாலையை மறுத்தார். காபியையும் மறுத்தார். திருவண்ணாமலைக்கு ஆய்வு என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். இவர் அதையும் அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார். மாலையை மறுக்கும் பெரிய மனிதரை என்னால் நம்பவே முடியாது. வேறு ஏதோ எதிர்பார்க்கிறார்!

நேராக லேப்புக்குப் போனார். ஒரு தராசின் முன் குனிந்து, அடியிலிருந்த திருகைத் திருப்பி மட்டம் பார்த்தார். கண்ணாடிக் கதவின் ஓரத்திலிருந்து ஒரு வைக்கோல் துணுக்கை எடுத்தார்.

"இது எந்தக் காலேஜுதுங்க?" என்று துறைத்தலைவர் ரஹீம் சாரிடம் கேட்டார்.

முதல்வர் அம்மா முந்திக்கொண்டார். "நம்மளுதுதாங்க சார்."

"நான் டெமான்ஸ்ட்ரேட்டரா இருந்தப்ப, இதே மாதிரி ஒண்ணை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வந்திருக்கேங்க. இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துட்டோம். பசங்க அந்த வருஷம் பூரா தராசு படத்தைத்தான் வரைஞ்சாங்க." சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "அனுமதி தர்றேன். ஆனா நம்மளுதுன்னு சொல்லிட்டீங்க. ஜூன்ல வந்து பாப்பேன், இத்தனையும் இருக்கணும். குடுத்த காலேஜுக்கும் அன்னிக்கே போவேன்."

முதல்வர் அம்மா தராசுகளை எண்ண ஆரம்பித்தார். எனக்கு மட்டும் சந்தேகம் போகவில்லை. சும்மா மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார், பின்னாலேயே ஒரு தூதுவர் வந்து பேரம் பேசுவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. நிர்வாகம் முனகிக்கொண்டே சென்னைக்கு ஆர்டர் போட்டது.

முந்தாநாள் பெட்டிகள் வந்தன. ஆணி அடித்த மூடியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், புதுசுதானா என்று. என் மனைவி என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி. தேன்மொழியையும் இழுத்துக்கொண்டு லேப்புக்கே வந்துவிட்டாள். கடைசிப் பெட்டியைப் பிரிக்கும்வரை நகரவில்லை.

"இதெல்லாம் திரும்பிப் போவாதுங்களே?" என்று ரஹீம் சாரைக் கேட்டாள்.

"போவாதும்மா. வாங்கினது."

மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"சாயங்காலம் தரகர் வராரு. வர வேணாம்னு சொல்லிடுங்க."