வீட்டுக்கு வாருங்கள், டொக்டர்!

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து இருவரிடமும் ஏச்சு வாங்கும் வேலை. அந்த வேலையில் எனக்குக் கிடைத்த விடுகதை ஒன்றை முதலில் கேளுங்கள்: வீட்டு வாசலைத் தாண்ட முடியாத ஒருவர், தன்னால் தாண்ட முடியாது என்பதைக் காட்ட எங்கே போகவேண்டும்?

சற்று யோசியுங்கள். விடை: பஸ் பிடித்து, நகரத்தின் மறுகோடியில், நாலாம் மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு. இதைக் கேட்டுச் சிரிப்பு வராதவர்கள் என்னைப் போலவே அலுவலக வரிசைகளில் நின்று களைத்தவர்கள். இது அவர்களுக்காக.

தொலைபேசியில் ஒரு யோசனை

எண்பதுகளின் பின்பாதி. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எங்கள் தெருவில் இருந்த சிவராசா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். ஒருநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, பாதிவழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பிறகு வாசலைத் தாண்டவில்லை. வேலை போயிற்று. மனைவி இந்திரா அலுவலகங்களைத் துடைத்துக் கொண்டுவரும் சம்பளம் வாடகைக்கே காணாது. வேலைசெய்ய இயலாதவர்களுக்கான அரசுக் காப்புறுதியின் உதவிப்பணம் கிடைத்தால்தான் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். அதற்கு முதலில் காப்புறுதி வைத்தியர் இவரைப் பார்த்து மதிப்பிட வேண்டும்.

வைத்தியரை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டு, சிவராசாவுக்காக நான் காப்புறுதி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்த அலுவலகப் பெண்மணி மிகவும் அன்பானவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, எனக்கு உதவுகிற குரலிலேயே சொன்னார்: "வீட்டுக்கு வருவதற்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அவரை ஒருமுறை இங்கே வரச்சொல்லுங்கள், சேர்ந்து நிரப்பிவிடலாம்."

குணத்தின் பகிடி

எங்கள் ஆட்களுக்கு இந்த வருத்தத்தை, இப்படியும் ஒரு நோய் உண்டு என்பதை, விளக்குவது அதைவிடக் கடினம். சிவராசாவோடு ஒன்றாக வேலை செய்த குணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியை ஊதிக்கொண்டே பகிடி விட்டார். "ஊரில ஆமியின்ர சோதனைச்சாவடி எல்லாத்தையும் தாண்டி வந்தவன், வின்டர்தூர் பஸ்ஸுக்குப் பயப்படுறானோ? எழும்படாப்பா, ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வருவம்!"

இந்திரா வெறும் கோப்பையை எடுத்தபடி பதில் சொன்னார்: "ஆமி வந்தா ஓடித் தப்பலாம், குணமண்ணை. இது உள்ளுக்க நிண்டெல்லோ துரத்துது."

நல்ல சுகம்

குடும்ப வைத்தியரின் கடிதமும் என் தொலைபேசித் தொல்லையும் சேர்ந்து ஒருவழியாக வேலை செய்தன. காப்புறுதி வைத்தியர் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டார்.

அவர் வரும் நாளன்று நானும் சிவராசா வீட்டுக்குப் போனேன். வீடு பளபளத்தது. மேசையில் வடை, ரோல்ஸ், கேசரி. சிவராசா முகம் மழித்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்டார். "நல்ல சுகம் டொக்டர்! நீங்கள் சுகமோ? பிள்ளையள் சுகமோ?" என்றார் சிவராசா. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பதுதான் என் வேலை, மொழிபெயர்த்தேன். நித்திரை வருகிறதா? "ஓம், ஒரு குறையுமில்லை." வைத்தியர் சிரித்துக்கொண்டே எழுதினார். அந்தப் பேனா ஓட ஓட, உதவிப்பணமும் கூடவே ஓடுவதுபோல் இருந்தது எனக்கு.

ரோல்ஸ் எடுக்கிற சாட்டில் இந்திராவைக் குசினிக்குள் கூட்டிப்போய், "உண்மையைச் சொல்லச் சொல்லும் பிள்ளை!" என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்: "வீடு தேடி வந்த மனுசனுக்கு வருத்தத்தையோ அண்ணை பரிமாறுறது? முதல்ல சாப்பிடட்டும்."

வழியனுப்புதல்

வைத்தியர் சாப்பிட்டார், நன்றி சொன்னார், பையை மூடினார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் வந்தவரைத் தெருவரைக்கும் கொண்டுபோய் விடாமல் இருக்க சிவராசாவால் முடியுமா? சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவரும் எழுந்தார். இந்திரா "வேண்டாமப்பா" என்றதைக் காதில் வாங்கவில்லை.

வைத்தியர் வெளியே போய்த் திரும்பிப் பார்த்தார். சிவராசா ஒரு காலைத் தூக்கினார். அது வாசற்படிக்கு மேலே அந்தரத்திலேயே நின்றது. இரண்டு கைகளும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டன. சற்றுமுன் சலவை மணத்த சட்டை முதுகோடு ஒட்டி நனைந்துவிட்டது. அப்போதும் முகத்தில் அந்த விருந்தாளிச் சிரிப்பு மாறவில்லை. "மன்னிக்கவேணும் டொக்டர், இப்ப வாறன், இப்ப வாறன்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

வைத்தியர் உள்ளே வந்தார். சிவராசாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவுநிலையிலிருந்து எடுத்து, அவரைக் கதிரையில் இருத்தினார். தன் கோட்டைக் கழற்றினார். எழுதிய தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "வடை நன்றாக இருந்தது. இனி மேசையில் ஒன்றும் வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குவோம்."

படிக்கட்டு

உதவிப்பணம் கிடைத்தது. கூடவே, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து வெளியே போகப் பழக்கும் மருத்துவத் தாதி ஒருவரும் கிடைத்தார். மெல்ல மெல்ல வாசலைத் தாண்டி நிற்கும் அளவுக்குச் சிவராசா தேறினார். அடுத்த பாடம் படிக்கட்டு. அதற்குச் சிவராசா ஒரு நிபந்தனை போட்டார்: மகள் சுதா கையைப் பிடித்தால்தான் இறங்குவார். சுதாவுக்கு ஆறு வயது.

ஆனால் படி இறங்கக் குறித்த அதே பின்னேரம் எதிர்வீட்டுச் சிறுமியின் பிறந்தநாள். இந்திரா மகளிடமே கேட்டார்: "அப்பாவோட இறங்கிறியோ, பிறந்தநாளுக்குப் போறியோ? நீயே சொல்லு." எல்லோரும் சுதாவைப் பார்த்தோம். தாதிக்கும் மொழிபெயர்த்தேன்.

சுதா நன்றாக யோசித்தாள். "அப்பா, படி நாளைக்கும் இருக்கும்" என்றாள். "கேக் இண்டைக்கு மட்டும்தான்."

சிவராசா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுகாலம். தாதியின் கையைப் பிடித்துச் சில படிகள் இறங்கினார். நாலாம் மாடி அலுவலகத்தார் அத்தனை பேரிடமும் கேட்டுக் களைத்த நான், விண்ணப்பம் இல்லாமல் கேட்ட இடத்திலேயே ஒரு தீர்மானத்தைக் கண்டது அன்றைக்குத்தான்: சுதா பிறந்தநாளுக்குப் போனாள்.