லைட்டுக்காரரும் வெளிர்பச்சைக் காரும்

மருந்துக்கடைப் படியேறிய லைட்டுக்காரரின் மனைவி திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் கணவர் இல்லை. நாலு கடை தள்ளி, யாரோ நிறுத்திவிட்டுப் போன காரின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசி வெளிச்சத்தைச் சக்கரத்தின் இடுக்கில் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்கிறார். "இது அது இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொள்கிறார். எல்லாக் காரையும் இப்படிப் பார்ப்பதில்லை. வெளிர்பச்சைக் கார்கள் மட்டும்தான். ஒருமுறை கார் அலற ஆரம்பித்து, அதன் சொந்தக்காரர் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். "டயரைத் திருட வர்றவன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டா வருவான்?" என்று கேட்டு அன்றைக்கு அவர் மானத்தைக் காப்பாற்றியது மனைவிதான்.

தெருக்கோடியில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு பட்டறை அவருடையது. காருக்குள் மீட்டர் பலகையில் எரியும் எச்சரிக்கை விளக்கு எதற்கு எரிகிறது என்று சொல்வதில் கெட்டிக்காரர். அதனால் லைட்டுக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாகக் குடிவந்த ஒருவர் அதை நம்பி, ட்யூப்லைட் எரியவில்லை என்று வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். இவரும் மறுபேச்சுப் பேசாமல் ஏணியில் ஏறிச் சரிசெய்துவிட்டு வந்தார்.

விளக்குகளில் அவருக்கு இரண்டு ரகம். ஸ்பேனர் படம் போட்டு எரிகிறதே, அதைப் பெரிதாக மதிக்க மாட்டார். "அது வெறும் காலண்டருங்க. இவ்வளவு கிலோமீட்டர் ஓடிருச்சு, இவ்வளவு நாள் ஆயிருச்சுன்னு எண்ணிக்கிட்டு இருக்கும். உள்ள ஆயில் எப்படி இருக்குன்னு அதுக்கு என்ன தெரியும்?" அப்படிச் சொன்னாலும், ஆயிலும் ஃபில்டரும் மாற்றி முடிக்கும்வரை அதை அணைக்க மாட்டார். முடிந்தபின் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, எஞ்சினை ஓடவிடாமல், மீட்டருக்குக் கீழே இருக்கும் பொத்தானைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஸ்பேனர் சிமிட்டும். விட்டுவிட்டு மறுபடி அமுக்குவார். கிலோமீட்டர் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பத்து விநாடிக்குள் யார் எது கேட்டாலும் காதில் விழாது.

இரண்டாவது ரகமான பிரேக் எச்சரிக்கை விளக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் குரலே மாறிவிடும். பிரேக் பேடுக்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. பேடு தேய்ந்து மெலிந்ததும் சக்கரத்தோடு சுழலும் தட்டு அந்தக் கம்பியை அறுத்துவிடும். கம்பி அறுந்தால் விளக்கு எரியும். "தன்னையே அறுத்துக்கிட்டுச் சொல்லுதுங்க. அதுக்கு மேல எப்படிச் சொல்லணும்?" என்பார். பேடை மாற்றினால் மட்டும் விளக்கு அணையாது, கம்பியையும் புதிதாகப் போட வேண்டும் என்று சொன்னால் வருகிறவர்களுக்கு முகம் சுருங்கும். பொத்தானை அமுக்கி அணைத்துவிடக் கூடாதா என்று கெஞ்சுவார்கள்.

மனைவியின் தம்பி டாக்சி ஓட்டுகிறார். அவர் கெஞ்சக்கூட இல்லை. விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினார். லைட்டுக்காரர் அதைப் பார்த்த அன்று வீடே இரண்டுபட்டது.

"என்னடா இது?"

"கண்ணை உறுத்துது மாமா. நாளைக்கு மாத்திடலாம்."

"அழுற பிள்ளை வாயைப் பொத்திட்டு, பிள்ளை தூங்குதுன்னு சொல்லுவியா நீ?"

சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேடு மாற்றிய பிறகுதான் சாவி வெளியே வந்தது. ஒரு டேப்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று மைத்துனர் அக்காவிடம் முறையிட்டார். அக்காவுக்குக் காரணம் தெரியும், சொல்லவில்லை.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், கடையடைக்கும் நேரத்தில் வெளிர்பச்சைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு இளம்பெண். வேறு ஊரில் வேலை கிடைத்து, தாயைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்ப வேண்டும். பின்சீட்டு முழுக்கப் பாத்திரமும் தலையணையும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேடு இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும், ஆனால் அந்தக் காருக்கான புதுப் பேடு அவர் கையில் இல்லை. விளக்கைப் பார்த்துப் பார்த்துத் தாய் பயந்துபோனார். "வேணாம்டி, போக வேணாம்டி" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் அழாத குறையாக இவரைப் பார்த்தாள்.

அந்தத் தாயின் பயத்தைப் பார்க்க முடியாமல் ஒரு காரியம் செய்தார். அறுந்த கம்பியின் இரண்டு முனையையும் சீவி, முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றினார். விளக்கு அணைந்தது. "சரியாயிடுச்சும்மா" என்றார். மகளிடம் தனியாக, போனதும் முதல் வேலையாகப் பேடை மாற்றிவிடச் சொன்னார். தாயும் மகளும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது உறைத்தது. வீடு மாற்றுகிற அவசரத்தில் அந்தப் பெண் மறந்துபோவாள். அவளுக்கு ஞாபகப்படுத்த இருந்தது அந்த ஒரு விளக்கு, அதையும் ஊமையாக்கியாயிற்று. கார் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை, பெயர் கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் தெரியாது. அன்றிலிருந்துதான் வெளிர்பச்சைக் காரைக் கண்டால், தான் சுற்றிய டேப் உள்ளே இருக்கிறதா என்று குனிகிறார். எங்காவது விபத்து என்று செய்தி வந்தால் முதலில் காரின் நிறத்தைத்தான் பார்ப்பார். மனைவி செய்தித்தாளை அவர் பார்க்கும் முன் எடுத்து ஒருமுறை புரட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார்.

அதன்பின் பட்டறைக்கு வருகிற எல்லாரிடமும் தொலைபேசி எண் வாங்கி ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். நாள் பார்த்து அவரே கூப்பிடுவார். "பேடு இந்நேரம் தேஞ்சிருக்கும், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." வண்டி கத்துவது போதாதென்று இவரும் கத்துகிறார் என்று ஊரில் கேலி. "வீட்ல கேஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு. அதுக்கு ஒரு லைட்டு எரிய மாட்டேங்குதே" என்பது மனைவியின் பங்கு.

சென்ற மாதம், வாரத்தின் நடுவில் ஒரு காலை, பட்டறை வாசலில் வெளிர்பச்சைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தது அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள். ஸ்டியரிங்குக்கு எட்டும்படி முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை.

"ஸ்பேனர் மாதிரி ஒண்ணு எரியுது தம்பி. மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல."

ஸ்பேனர் விளக்கை விட்டுவிட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே டேப் சுற்றிய முடிச்சு. அவரவர் கையெழுத்து அவரவருக்குத் தெரியாதா? அவர் சுற்றியதுதான். பேடைப் பார்த்தார். யாரோ பழைய கம்பியையே வைத்துப் பேடை மட்டும் மாற்றியிருந்தார்கள்; தடிமனாக, நல்ல நிலையில் இருந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பேடு எப்பம்மா மாத்துனீங்க?"

"அது நாலு வருஷமாச்சே. நாங்க வீடு மாத்திப் போறப்ப இந்தத் தெருவுல ஒருத்தர் லைட்டை அணைச்சுக் குடுத்தாரு." அந்த அம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே?"

தலையாட்டினார்.

"அன்னைக்கு வழி நெடுக என் பொண்ணை நிம்மதியா ஓட்ட விடல நான். எரிஞ்சாலும் பயம், எரியலைன்னாலும் பயம் எனக்கு. இவ்வளவு நேரம் எரிஞ்சது ஏன்டி சட்டுன்னு நின்னுச்சுன்னு கேட்டுக்கிட்டே போனேன். போய் இறங்கின மறுநாள், சாமானைக்கூடப் பிரிக்கல, மெக்கானிக் கிட்ட இழுத்துட்டுப் போனேன். இப்ப அவ கல்யாணமாகி வெளிநாட்டுல இருக்கா. நான் இந்த ஊருக்கே திரும்பி வந்துட்டேன். வண்டி என் தலையில விழுந்துச்சு. ஓட்டக் கத்துக்கிட்டேன்."

அவர் எதையும் மறைக்கவில்லை. கம்பியை முறுக்கிச் சேர்த்ததை, சரியாகிவிட்டது என்று பொய் சொன்னதை, அன்றிலிருந்து தேடியதை எல்லாம் சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாலு வருஷமா தேடினீங்களா?"

"ஆமாம்மா."

"என் பொண்ணு பேரு கூடத் தெரியாம."

முடிச்சை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியைப் பேடில் பொருத்தினார். மறுமுனையின் பிளக்கை மட்டும் செருகாமல் வைத்துக்கொண்டு, அந்த அம்மாளை உள்ளே உட்கார்ந்து சாவியை ஒரு படி திருப்பச் சொன்னார்.

"பிரேக் லைட்டு எரியுதாம்மா?"

"எரியுது தம்பி."

"நல்லாப் பாருங்கம்மா. எரியுதா?"

"எரியுது, எரியுது."

பிளக்கைச் செருகினால் விளக்கு அணைந்துவிடும், வேலை முடிந்தது. செருகவில்லை. "எரியுதாம்மா?" என்று மூன்றாம் முறை கேட்டார். அந்த அம்மாள் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தார்.

"பளிச்சுன்னு எரியுது தம்பி. நீங்க பயப்படாதீங்க."

அவர் ஒரு கையில் பிளக்கும் ஒரு கையில் அது செருகும் சாக்கெட்டுமாக, இரண்டையும் சேர்க்காமல், சக்கரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்.