பாகம் பிரிக்காத கார்

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது தோட்டம் பிரிந்தது, தறிக் குடோன் பிரிந்தது, பித்தளை அண்டாக்கள்கூட ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தன. கார் மட்டும் பிரியவில்லை. பேசி முடிக்க வந்திருந்த பங்காளிகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு களைத்துப் போய், "காரை அறுத்தா குடுக்க முடியும்? மாசம் ஒருத்தரு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்போம். கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் ஓட்டிப் பழசாக்கிய ஜெர்மன் காரை அவர் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். அதன் என்ஜினில் சூப்பர்சார்ஜர் என்று ஒன்று உண்டு. என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் அதையும் சுற்றும். அது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும். வண்டிக்குக் கூடுதல் இழுவை கிடைக்கும். இதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மிதித்தால் உள்ளேயிருந்து ஒரு விசில் வரும் என்பதுதான். அப்பாரு போய்ச் சேர்ந்தபோது காருக்கும் வயதாகியிருந்தது. விசில் மட்டும் குறையவில்லை.

பாகம் பிரிந்ததோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது. என்ன தகராறு என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. கிணறும் மோட்டாரும் சம்பந்தப்பட்டது என்பார்கள். அப்பா பேசாததால் அம்மா பெரியம்மாவிடம் பேசவில்லை. பெரியவர்கள் யாரும் பேசாததால் பெரியப்பா மகளான அக்காவை நான் பார்க்க வழியில்லாமல் போனது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் இல்லாமல் எனக்கு விளையாட்டே கிடையாது.

எங்களைக் காப்பாற்றியது கார்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது கை மாற வேண்டும். பெரியப்பாவின் மாதம் முடிந்தால், அப்பா சூலூரிலிருந்து பஸ் ஏறிப் பல்லடம் ரோட்டில் இருந்த அவர் தோட்டத்து வீட்டுக்குப் போவார். துணைக்கு என்னைக் கூட்டிக்கொள்வார். அடுத்த மாதம் பெரியப்பா அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வருவார். சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். முன்னறையில் ஆணியில் மாட்டியிருக்கும், வந்தவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வீடு தேடி வந்தவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் கொலைக் குற்றத்துக்கு அடுத்தபடி. காபி வரும். ஒருவர் பேப்பர் படிப்பார், மற்றவர் காபி குடிப்பார். அந்தக் காபி தீரும்வரை அக்காவும் நானும் கொய்யா மரத்தில் இருப்போம்.

அப்பா மிக மெதுவாகக் குடிப்பார். ஆடை படிந்து போகும் வரைக்கும் டம்ளரைக் கையில் வைத்திருப்பார். பெரியம்மா காபியைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கிறார் என்று நான் அக்காவிடம் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் பெரியப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பல் கூச்சம் என்றாள் அக்கா.

பேசாத அண்ணன் தம்பிக்குக் கார் வழியாகச் சண்டை போட எந்தத் தடையும் இருக்கவில்லை. பெரியப்பா வால்பாறையில் தேயிலைத்தூள் எடுத்துக் கீழே கடைகளுக்குப் போடுகிறவர். கொண்டை ஊசி வளைவுகளில் கார் தொட்டிலாக ஆடி, பெரியம்மாவுக்கு வாந்தி வந்தது. பெரியப்பா கட்டையான, முரட்டு ஸ்பிரிங் நான்கும் புது ஷாக் அப்சார்பரும் போட்டார். கார் இரண்டு விரல் தணிந்தது. அப்பாவின் மாதம் வந்தது. சூலூர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசியது. "எலும்பெல்லாம் கழண்டுபோகுது" என்று அப்பா அத்தனையையும் கழற்றிப் பழைய ஸ்பிரிங்கைப் போட்டார்.

அப்பா நூலுக்கும் துணிக்குமாகத் திருப்பூர் ரோட்டில் அலைகிறவர். அவருக்கு வேண்டியது பஸ்ஸை முந்துகிற இழுவை. சூப்பர்சார்ஜரைச் சுற்றுகிற புல்லிச் சக்கரத்தைச் சிறிதாக்கினால் அது இன்னும் வேகமாகச் சுற்றும் என்று யாரோ சொல்ல, கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பரிடம் புதிதாக ஒன்று கடைந்து வாங்கி மாட்டினார். காற்று தாராளமாகப் போக ஒரு ஃபில்டரும் போட்டார். விசில் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது. அடுத்த மாதம் பெரியப்பா, "பெட்ரோலையா குடிக்குது, தண்ணியையா?" என்று புல்லியைக் கழற்றிப் பழையதை மாட்டினார்.

இரண்டு பேருக்கும் ஒரே மெக்கானிக். யார் என்ன சொன்னாலும் "ஆகட்டுங்க" என்பதுதான் அவர் பதில். கழற்றிய சாமான்களை எறியாமல் பட்டறை மூலையில் வைத்திருப்பார், அடுத்த மாதம் தேவைப்படும் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஸ்பிரிங்கை மாட்டவும் கழற்றவும் மாறி மாறிக் கூலி. ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று அம்மா சொல்வார். பட்டறையின் தகரக் கூரை காங்கிரீட் ஆனது எங்கள் காரால்தான் என்றும் சொல்வார்.

அப்படியிருக்கும்போது அத்தை மகளுக்குக் கொடுமுடியில் கல்யாணம் வைத்தார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை அத்தை. அவர் இரண்டு வீட்டுக்கும் நேரில் வந்து ஒரே மாதிரி சொன்னார்: "தாய்மாமன் சீரு ஒரே கார்ல வரோணும். தனித்தனியா வாரதா இருந்தா வரவே வேண்டாமுங்க. என்ற புள்ளை சீரில்லாமயே மணையேறிக்கட்டும்." சொல்லிவிட்டு, கொடுத்த காபியைத் தொடாமல் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மிரட்டல் இல்லை.

கல்யாணமோ முதல் ஞாயிற்றுக்கிழமை. அது யாருடைய நாள் என்பதில் குழப்பம். பெரியப்பா பட்டறைக்கு ஆள் அனுப்பி, தன் ஸ்பிரிங்கோடு வண்டி தயாராக இருக்க வேண்டும் என்றார். அப்பா போன் செய்து, தன் புல்லியை மாட்டி வைக்கச் சொன்னார். மெக்கானிக் இரண்டு பேரிடமும் "ஆகட்டுங்க" என்றார். யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாததால் இரண்டையும் மாட்டிவிட்டார்.

அம்மாவும் பெரியம்மாவும் முந்தின நாளே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள், தனித்தனி பஸ்ஸில். ஞாயிறு காலையில் பெரியப்பா ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார, பின்னால் அக்காவும் நானும் மடியில் சீர்த்தட்டோடு இருந்தோம். என் தட்டில் தேங்காயும் பழமும், அவள் தட்டில் பட்டுச்சேலை. பெரியப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அம்மணி, உங்கப்பனைக் கதவை நல்லாச் சாத்தச் சொல்லு" என்றார். அப்பா திரும்பி அக்காவிடம், "கண்ணு, கதவு சாத்தித்தான் இருக்குதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு" என்றார். நாங்கள் சொன்னோம். பல்லடம் வரைக்கும் இப்படியே போனது.

காங்கேயம் தாண்டியதும் முன்னால் ஒரு தேங்காய் நார் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. பெரியப்பா முந்துவதற்காக மிதித்தார். பழைய இழுவையை எதிர்பார்த்து மிதித்திருக்க வேண்டும். விசில் வீறிட்டது, லாரி பின்னால் போய்விட்டது. அடுத்த கணமே ரோடு வாய்க்காலை ஒட்டிச் சட்டென்று வளைந்தது. நான் கண்ணை மூடித் தட்டைப் பிடித்துக்கொண்டேன். கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு அலுங்காமல் குலுங்காமல் திரும்பியது. கண்ணைத் திறந்தபோது தேங்காய் வைத்த இடத்திலேயே இருந்தது.

பெரியப்பா, ரோட்டைப் பார்த்தபடியே, அப்பாவிடமே நேராகச் சொன்னார்: "இழுவை நல்லாத்தான் இருக்குது தம்பி."

"வளைவுல அசையவே இல்லீங்கண்ணா" என்றார் அப்பா.

பெரியப்பா ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, அப்பாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அப்பா ஓட்டினார். அந்த வளைவை மறுபடி பார்க்க வேண்டும் என்று திரும்பிப் போனார்கள். திரும்பி வந்தார்கள். இன்னொரு தரம் பெரியப்பா ஓட்டினார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பெல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். அக்காவும் நானும் சீர்த்தட்டில் இருந்த வாழைப்பழத்தில் இரண்டைத் தின்றோம்.

கொடுமுடியில் அத்தை மண்டப வாசலிலேயே நின்றிருந்தார். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார். அண்ணன்மார் இருவரும் சிரித்துக்கொண்டே இறங்குவதைப் பார்த்ததும் திட்டு மறந்துபோனது. "தானாடாட்டியும் தன் சதையாடுமுங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஆனந்தம் தாங்கவில்லை. இனி அக்காவைத் தினமும் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

திரும்பி வரும் வழியிலேயே அடுத்தது ஆரம்பித்தது. "காரை நீயே வெச்சுக்க தம்பி, உன்ற கைக்குத்தான் பொருந்துது" என்றார் பெரியப்பா.

"அதெப்படீங்கண்ணா, பெரியவங்க நீங்க. நீங்கதான் வெச்சுக்கோணும்."

கார் மோசமாக இருந்தவரைக்கும் விட்டுக்கொடுக்காதவர்கள், அது நன்றாக ஓட ஆரம்பித்ததும் எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். ஒருநாள் பெரியப்பா காரை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போனார். மறுநாள் அப்பா அதை அவர் தோட்டத்தில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தார். சண்டையில் இருந்த பிடிவாதம் அப்படியே மரியாதைக்கு மாறியிருந்தது. கடைசியில் மெக்கானிக் காரை விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு ஆளைக் கூட்டி வந்தார். பழைய கார் என்றால் பைத்தியமான கோயமுத்தூர்ப் பையன். அண்ணன் தலையாட்டினார், தம்பியும் தலையாட்டினார். யார் மனதும் நோகாமல் முடிந்தது என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். கார் விசிலடித்துக்கொண்டு போனபோது அக்காவும் நானும் கை தட்டினோம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தலை சீவி, ரிப்பன் கட்டி, செருப்புப் போட்டு வாசலில் நின்றேன்.

"எங்க கண்ணு கிளம்பிட்டே?" என்றார் அப்பா.

"பெரியப்பா ஊட்டுக்கு."

"அங்க என்ன வேலை? கார்தான் குடுத்தாச்சே."

"இப்பத்தான் சண்டை இல்லையேப்பா."

"சண்டையெல்லாம் இல்ல கண்ணு. போலாம், போலாம். ஒரு நாளைக்குப் போலாம்."

அந்த ஒரு நாள் வரவில்லை. விசேஷங்களில் பார்த்துக்கொண்டால் அண்ணனும் தம்பியும் இன்றும் சௌக்கியம் விசாரித்துக்கொள்கிறார்கள், மிகுந்த மரியாதையோடு. அக்கா கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. செருப்பைக் கழற்றாமலேயே வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா காபி கொண்டுவந்தார். அப்பா பல்லடம் ரோட்டுப் பக்கமாகப் பார்த்தபடி, நின்றவாக்கிலேயே ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா வைக்கும் காபிதான் சூடு அதிகம் என்று நான் அப்போதும் நினைத்துக்கொண்டேன்.