பொட்டு வைத்த டாலர்

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து புளி விற்கப் போளூருக்கு வரும் அந்த அம்மா, ஒருநாள் வங்கியில் என் கவுண்டர் முன் நின்று, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அதன் நடுவே மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன.

“சாமிப் பெட்டியில இருந்துச்சி சார். செல்லுமான்னு பாருங்க. வூட்டுக்காரரு ஜீப்பு இன்ஜின் போய் நிக்குது. ஜீப்ப வித்துட்டா பொழப்பே போச்சி.”

ஐந்து அமெரிக்க டாலர். இப்போதைய டாலரைவிடப் பெரியது. மலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு வழிகாட்டியதற்காக, அந்த அம்மாவின் கணவருடைய தாத்தாவுக்குக் கிடைத்ததாம். மாற்றினால் சில நூறு ரூபாய் வரும் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பழைய நோட்டு என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு. வீட்டில் அதற்காக நான் வாங்காத திட்டில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சின்ன ஊர் வங்கிகூடத் தன் பெயர் போட்டு நோட்டு வெளியிட்டது. அதுபோல இங்கே ஒடுகத்தூர் வங்கி என்று அச்சிட்ட நோட்டு நம் கையில் புரள்வதை நினைத்துப் பாருங்கள். இதில் ஊர்ப் பெயர்மேல்தான் பொட்டு விழுந்திருந்தது. நல்லவேளை, ஒவ்வொரு வங்கிக்கும் அரசு தந்த உரிம எண் ஒன்று உண்டு. அது தெளிவாகத் தெரிந்தது. கீழே அந்த வங்கியின் காசாளர் பேனாவால் போட்ட கையெழுத்து, மை மங்கியும் அழகு குறையாமல் இருந்தது. நானும் காசாளர்தான். என் கையெழுத்தைச் சலானுக்கு வெளியே யாரும் சீண்டியதில்லை. நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

நோட்டைப் படமெடுத்துக்கொண்டு, விசாரித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு, அன்று மாலை அந்த எண்ணை வைத்துத் தேடினேன். சின்ன ஊர்தான். அந்த வங்கியின் நோட்டுகளில் மிஞ்சியவை மிகச் சில. இந்த மாதிரி நோட்டுக்கு, எவ்வளவு அரிதோ அவ்வளவு விலை. சென்னையில் பழைய நோட்டு வாங்குபவர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். கறையால் பாதி விலைதான், கழுவினால் அதுவும் போய்விடும் என்றார். அந்தப் பாதியே இன்ஜினுக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்த முறை வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.

“பொட்டு மட்டும் வைக்காம இருந்திருந்தா ரெண்டு மடங்கு கெடைச்சிருக்கும்மா” என்று என் மேதாவித்தனத்தையும் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார்.

“பொட்டு இருந்ததாலதான் சார் நோட்டே இருக்குது. எங்க மாமனாரு குடிக்கறதுக்கு வூட்டுப் பித்தள குண்டானக்கூட வித்தவரு. சாமிக்குப் பொட்டு வெச்சதுல மட்டும் கை வெக்க மாட்டாரு. அதுக்குத்தான் எங்க மாமியா வருசா வருசம் வெச்சிக்கினே இருந்துச்சி.”